பாரம் குறைந்த டவுன்ஹில் பிரேமும் பின் ஷொக்கும்: 58 கிலோ ஓட்டுநருக்கு எது சரி?

தெஹிவளை_சரிவு
வணக்கம். டவுன்ஹில் சைக்கிள் ஒன்றைப் பிரேமிலிருந்து கட்டப் போகிறேன். உடல் எடை 58 கிலோ, ஹெல்மெட், காப்புகள், தண்ணீரோடு 63. உயரம் 167 செ.மீ. ஓடும் இடங்கள் ஹந்தானைப் பக்கமும் நுவரெலியா, ஹப்புத்தளைத் தோட்டப் பாதைகளும். பாதி நாள் பட்டா லொறியில் மேலே ஏற்றலாம், மீதி நாள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாரம் குறைவாக வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

கையில் இருப்பவை: 203 மி.மீ இரட்டைக் கிரவுண் போர்க், 27.5 அங்குலச் சில்லுகள், பின் ஹப் 157 மி.மீ.

இரண்டு பிரேம் பார்த்து வைத்திருக்கிறேன்.
ஏ: பாவித்த காபன் பிரேம், 225x75 (நீளம் x அசைவு, மி.மீ) ட்ரனியன் எயார் ஷொக்கோடு (மேல்பக்கம் உடலிலேயே போல்ட் ஏறும், காற்றில் இயங்கும் வகை). பிரேம் மட்டும் 3.1 கிலோ, ஷொக் 750 கிராம்.
பி: புதிய அலுமினியம் பிரேம், ஷொக் இல்லை, 250x75 அளவு. பிரேம் 3.9 கிலோ.
இரண்டும் 200 மி.மீ பின் அசைவு. முழுச் சைக்கிளும் 15.5 கிலோவுக்குள் வர வேண்டும். எதை எடுப்பது, பி என்றால் எந்த ஷொக்?

ஸ்பிரிங்_கணக்கு
எடையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் லெவரேஜ் வளைவைப் பார்க்க வேண்டும், அதாவது ஷொக் 1 மி.மீ சுருங்கப் பின்சில்லு எத்தனை மி.மீ அசைகிறது என்பதை. 200 மி.மீ சில்லு அசைவை 75 மி.மீ ஷொக் அசைவால் வகுத்தால் சராசரி 2.67. இரண்டு பிரேமுக்கும் அது ஒன்றுதான். வித்தியாசம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இருக்கிறது.

தொடக்க லெவரேஜிலிருந்து முடிவு லெவரேஜைக் கழித்து, தொடக்கத்தால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். வருவது புரோக்ரெஷன் வீதம். 20க்கு மேல் இருந்தால் கொயில் (சுருள் ஸ்பிரிங்) ஷொக் நிம்மதியாக ஓடும். 10, 12 என்றால் கொயில் போட்டால் பெரிய பள்ளத்தில் அடித்தட்டிக்கொண்டே இருக்கும். எயார் ஷொக்கின் காற்று முடிவில் தானாகவே இறுகுவதால் அந்தப் பிரேமுக்கு அதுதான் பொருந்தும். மாறாக 25க்கு மேல் போகும் பிரேமில் எயார் போட்டால் கடைசி 20, 30 மி.மீ அசைவைப் பாவிக்கவே முடியாது, அதுவும் 58 கிலோ ஓட்டுநருக்கு.

உங்கள் இரண்டு பிரேமுக்கும் லெவரேஜ் எண்கள் தெரியுமா? தெரியாவிட்டால் நீங்களே அளக்கலாம். ஷொக்கைக் கழற்றி, அல்லது காற்றை முழுக்க இறக்கி, பின் அச்சைச் சுவரில் ஒட்டிய அளவுநாடாவுக்கு நேரே 10 மி.மீ படிகளில் உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் ஷொக்கின் இரு போல்ட் மையங்களுக்கு இடைத் தூரத்தை வேர்ணியர் கலிப்பரால் எடுங்கள். 10 மி.மீ சில்லு அசைவுக்கு ஷொக் எத்தனை மி.மீ சுருங்குகிறதோ, அதால் 10ஐ வகுத்தால் வருவதுதான் அந்த இடத்து லெவரேஜ். கலிப்பர் 0.1 மி.மீ பிசகினாலே எண் குதிக்கும், ஆகவே மூன்று தரம் எடுத்துச் சராசரி போடுங்கள்.

காபன்_கரை
நான் ஏ பக்கம். ஷொக்கோடு 3.85 கிலோ. பி பிரேமுக்குக் கொயில் போட்டால் 4.9 கிலோவைத் தாண்டும். ஒரு கிலோ வித்தியாசம். இந்தப் பாதைகளில் சைக்கிளைத் தூக்கிச் செல்லும் லிஃப்ட் கிடையாது. தள்ளி ஏறும் நாளில் அந்த ஒரு கிலோ தோளில்தான். அதோடு இன்றைய எயார் ஷொக்குகளில் எதிர்க்காற்று அறை (ஷொக்கைச் சுருங்கும் பக்கம் தள்ளும் காற்று) பெரியது, தொடக்க அசைவில் கொயிலுக்குக் கிட்ட வந்துவிட்டன. 58 கிலோக்காரருக்கு 3 அங்குல அசைவில் சரியான ஸ்பிரிங் தேடி அலைவதைவிட பம்பை எடுத்து 10 பிஎஸ்ஐ குறைப்பது எவ்வளவோ லேசு.

பட்டறை_14
கரை அண்ணா சொல்லுறதில பம்ப் கதை சரி. ஆனா கொழும்பில இருந்து பார்க்கிற ஆள் சேர்விஸையும் பார்க்கோணும்.

எயார் ஷொக்கின்ர வெளிக்கூட்டு சீல் ஏறக்குறைய 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். அது வீட்டிலயே செய்யலாம். காத்தை இறக்கி, கூட்டைக் கழட்டி, பழைய கிரீஸைத் துடைச்சு, சீல் கிட் போட்டு, சொன்ன அளவு ஒயில் விட்டு மூடுறது. காத்து முழுக்க இறங்கினது உறுதியாத் தெரியாமல் கூட்டைத் திருகாதேங்கோ. எதிர்க்காற்று அறையில காத்துத் தேங்கி நிண்டால், ஷொக் தானாச் சுருங்கி நிக்கும். அப்பிடிக் கண்டால் கையை வைக்காமல் சேர்விஸ் கையேட்டில சொன்ன முறைப்படி மட்டும் திறக்கோணும். முகத்துக்கு நேரே அந்தக் கூடு பறக்கும்.

உள்ள இருக்கிற டாம்பர்தான் (ஒயிலால அசைவை மெதுவாக்கிற பாகம்) பிரச்சினை. ஒயில் மாத்தினால் காத்துக் குமிழ் இல்லாமல் நிரப்பி, ஒயிலையும் காத்தையும் பிரிக்கிற பிஸ்டனைச் சொன்ன ஆழத்தில நிறுத்தி, பிறகு பல நூறு பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏத்த வேணும். நைட்ரஜன் இஞ்ச அரிதில்லை. குளிரூட்டி திருத்துற ஆக்கள் குழாய்க் கசிவு பார்க்க ரெகுலேட்டரோட சிலிண்டர் வைச்சிருக்கினம். ஆனா வால்வுக்குப் பொருந்துற அடப்டர் நீங்கள்தான் கொண்டு போகோணும். சில ஷொக்கில திருகு மூடிக்குக் கீழ றப்பர் குண்டு இருக்கும், அதுக்குள்ள ஊசி குத்தித்தான் ஏத்தலாம். வாங்கப் போற ஷொக் எந்த வகை எண்டு முதலே பாத்து அடப்டரையும் சேர்த்து எடுங்கோ.

கொயில் ஷொக்குக்கும் டாம்பர் வேலை இதேதான். ஆனா வெளிக்கூட்டு வேலை இல்லை. ஒரு சீல் கசிஞ்சாலும் ஸ்பிரிங் நிக்கும், மலையில இருந்து உருட்டிக்கொண்டாவது இறங்கலாம். எயார் கூட்டுச் சீல் போனால் ஷொக் அப்பிடியே குந்திவிடும்.

தெஹிவளை_சரிவு
அளந்துவிட்டேன், நன்றி. ஏ பிரேம் 2.8இல் தொடங்கி 2.5இல் முடிகிறது. பி 3.0 இலிருந்து 2.3. அப்படியானால் ஏ கிட்டத்தட்ட 11 வீதம், பி 23 வீதம்.

ஸ்பிரிங்_கணக்கு
அப்படியானால் கேள்வி பாதி தீர்ந்தது. ஏ எயாருக்கான பிரேம், அதில் பின்னால் கொயில் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பி இரண்டையும் ஏற்கும். எயார் போட்டால் காற்றறையைச் சிறிதாக்கும் ஸ்பேசர் ஒன்றும் வைக்காமல் தொடங்க வேண்டும்.

பி பிரேமுக்கு ஸ்பிரிங் கணக்கு இப்படி. சாக் என்பது நீங்கள் பெடலில் எழுந்து நின்ற நிலையில் ஷொக் அமுங்கும் அளவு. டவுன்ஹிலுக்கு 30 வீதம் எடுப்போம்: 75இல் 22.5 மி.மீ, அதாவது 0.886 அங்குலம். உடையோடு 63 கிலோவில் 65 வீதம் பின்சில்லில்: 41 கிலோ. பிரேம், போர்க் போன்ற தொங்கும் பாரத்தில் (ஸ்பிரிங் தாங்கும் பாரம்) பின்பக்கப் பங்குக்கு 6 கிலோ சேருங்கள். 47 கிலோ என்றால் 103.6 இறாத்தல். 30 வீதத்தில் லெவரேஜ் ஏறக்குறைய 2.79. பெருக்கினால் ஷொக்கில் விழும் பாரம் 289 இறாத்தல். 0.886ஆல் வகுத்தால் 326.

ஆகவே அங்குலத்துக்கு 325 இறாத்தல். 25 இறாத்தல் படியில் விற்கும் லேசு ஸ்பிரிங் எடுத்தால் நேரே கிடைக்கும். 50 படியில் விற்பதை எடுத்தால் 300 அல்லது 350. 300 போட்டால் சாக் 24.5 மி.மீ, 33 வீதத்துக்குக் கிட்ட. 350 போட்டால் 21 மி.மீ, 28 வீதம். தோட்டத்துக் கல்பாதையில் 300, வேகமான பெரிய குதிப்புகளில் 350. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 325. ஸ்பிரிங்கில் நியூட்டன்/மி.மீ என்று அடித்திருந்தால் 0.175 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 325 என்பது 57.

இன்னும் இரண்டு எண் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் அசைவு ஷொக்கின் அசைவைவிடக் குறையக் கூடாது: 75 மி.மீ ஷொக்குக்கு 3.0 அங்குலம், அதாவது 76 மி.மீ. 2.75 அங்குல ஸ்பிரிங்கைப் போட்டால் ஷொக் முடியுமுன் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும், தாங்கு வளையம் உடையும். மற்றது உள்விட்டம். ஒவ்வொரு கம்பனியும் வேறு வேறு. ஷொக் உடலில் உரசினால் முதல் நாளே பூச்சு போய்விடும்.

முன்னழுத்த வளையத்தைக் கையால் இறுக்கி ஸ்பிரிங் ஆடாமல் நின்ற பிறகு ஒரு சுற்று, கூடினால் இரண்டு. சாக் சரிப்படாததை வளையத்தைத் திருகித் திருகித் திருத்தப் பார்ப்பவர்கள் நிறைய. முன்னழுத்தம் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, தொடக்க அசைவை மட்டும் கொல்லும். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டியிருந்தால் ஸ்பிரிங் தப்பு.

காபன்_கரை
கணக்கு சரி. ஆனால் அந்த ஸ்பிரிங் சாதாரண உருக்கில் 500 கிராமுக்குக் கிட்ட வரும். லேசு உருக்கில் ஏறக்குறைய 150 கிராம் குறையும், விலை இரண்டு மடங்குக்கு மேல். டைட்டேனியம் இன்னும் கொஞ்சம் குறையும், விலை சொல்லவே வேண்டாம்.

ஸ்பிரிங்_கணக்கு
உண்மை. டைட்டேனியத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் துரு. கொழும்புக் கடற்காற்றில் உருக்கு ஸ்பிரிங்கின் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்தப் புள்ளியில் துரு குழி போடும். ஸ்பிரிங் முறிவது பெரும்பாலும் அப்படியான குழியிலிருந்துதான். கல் பட்ட இடங்களை உடனே துடைத்து எனாமல் தொட்டு வைத்தால் உருக்கே போதும்.

ஹப்புத்தளை_மூடுபனி
எயார் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொழும்பில் வைத்துக் காற்றழுத்தம் சரிபார்த்துவிட்டு அப்படியே மலைக்கு வந்து ஓடாதீர்கள்.

கடல் மட்டத்தில் 30 பாகை செல்சியஸில் 180 பிஎஸ்ஐ ஏற்றினீர்கள் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 194.7. நுவரெலியா 1,868 மீற்றர், காலை 15 பாகை. வெப்பம் குறைந்ததால் உள் அழுத்தம் 185க்கு இறங்கும். அங்கே வெளி அழுத்தம் 11.8 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். மிஞ்சுவது 173. ஆக 7 பிஎஸ்ஐ குறைவாக, அதிக சாக்கோடு தொடங்குகிறீர்கள். உயரம் 3 பிஎஸ்ஐ கூட்டித் தருகிறது, குளிர் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது.

ஓட ஓட எதிர்ப்பக்கம். நீண்ட இறக்கத்தில் டாம்பர் ஒயில் சூடாகிக் கூட்டுக் காற்றும் 30 இலிருந்து 60 பாகைக்குப் போனால் முழு அழுத்தம் 10 வீதம் ஏறும். 180 ஏற்றிய ஷொக் 199இல் நிற்கும். கீழே வரும்போது பின்பக்கம் உயர்ந்து, ரிபவுண்ட் (அமுங்கிய ஷொக் திரும்பி விரிவது) வேகமாகி, சில்லு துள்ளும். சின்னக் கூட்டு ஷொக்கில் இது இன்னும் சீக்கிரம் வரும், பக்கத்தில் தனித் தாங்கி வைத்த ஷொக்கில் தாமதமாகும்.

செய்ய வேண்டியது: பாதை தொடங்கும் இடத்தில், ஷொக் நிழலில் குளிர்ந்த பிறகு அழுத்தம் பாருங்கள். பம்பை மாட்டும்போது குழாய்க்குள் காற்று நிரம்புவதால் முள் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் ஏற்றும்போது 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி, ஷொக்கைப் பத்துத் தரம் கால்பங்கு அசைவுக்கு அமுக்குங்கள். அப்போதுதான் எதிர்க்காற்று அறை சமப்படும்.

சைக்கிள்_தங்கச்சி
அண்ணாமார், 58 கிலோ என்ற விஷயத்தை ஸ்பிரிங்கோடு விட்டுவிட்டீர்கள். நானும் அதே எடைக்காரி. எங்கள் எடையில் ஸ்பிரிங்கைவிட ரிபவுண்ட்தான் பெரிய தலையிடி.

கடையில் வரும் ஷொக்குகள் பெரும்பாலும் 75, 80 கிலோ ஓட்டுநருக்கு ஷிம் (ஒயில் ஓட்டத்தைத் தடுக்கும் மெல்லிய தகடுகள்) அடுக்கியவை. 325 ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் பலம் 450 ஸ்பிரிங்கைவிடக் குறைவு. ஒயில் எதிர்ப்பு அதேதான். ரிபவுண்டை முழுக்கத் திறந்து வைத்தாலும் மெதுவாகத்தான் வரும். அடுத்தடுத்துக் கல் வரும்போது சில்லு திரும்பி வருமுன் அடுத்த கல். நாலைந்து கல்லில் பின்பக்கம் பாதி அசைவில் குந்தி, பாறை மாதிரி அடிக்கும். ஸ்பிரிங் கடினம் என்று நினைத்து இன்னும் மெல்லிய ஸ்பிரிங் போடுவார்கள், அது இன்னும் மோசமாக்கும்.

சோதனை: சாக் சரியாக வைத்து, ரிபவுண்டை முழுக்கத் திறந்து, இருக்கையைக் கையால் முழுப் பாரத்தோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். சில்லு நிலத்தைவிட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அந்த ஷொக்கின் ரிபவுண்ட் உங்களுக்குக் கனம். அது திருகும் இடத்தில் தீராது, உள்ளே ஷிம் மாற்ற வேண்டும், அல்லது வாங்கும்போதே மெல்லிய டியூன் (ஷிம் அமைப்பு) கேட்டு எடுக்க வேண்டும்.

அதனால் பாவித்த ஷொக் எடுத்தால் டியூன் எழுத்தைப் பாருங்கள். ரொக்‌ஷொக்ஸில் உடலில் ஒட்டிய தாளிலோ தொடர் இலக்கத்தை வைத்தோ தெரியும். ஃபொக்ஸில் உடலில் நான்கு எழுத்துக் குறி இருக்கும், அதைக் கம்பனித் தளத்தில் தட்டினால் எந்தச் சைக்கிளுக்குச் செய்தது, என்ன டியூன் என்று வரும். உங்கள் பிரேம் 3.0 லெவரேஜில் தொடங்குகிறது, அது உங்களுக்கு ஓரளவு உதவும், ஏனெனில் லெவரேஜ் கூடினால் ஷொக்கில் விழும் பலமும் கூடும்.

உயரம் பற்றியும். 167 செ.மீக்கு 27.5 பின்சில்லு நல்லது. 29 பின்சில்லில் செங்குத்தான இடத்தில் பின்னால் சாயும்போது டயர் தொடையில் உரசும். முன்னே 29, பின்னே 27.5 போட எண்ணினால் போட்டி விதியும் தடையில்லை, 2019 முதல் உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ அனுமதிக்கிறது. ஆனால் பிரேம் அதற்கென்று செய்ததா என்று பாருங்கள். 27.5க்குச் செய்த பிரேமில் முன்னே 29 போர்க் போட்டால் தலைக்கோணம் ஒன்றரைப் பாகைக்குக் கிட்டச் சரியும், பெடல் அச்சும் உயரும்.

தெஹிவளை_சரிவு
நன்றி அக்கா, ரிபவுண்ட் விஷயம் யாரும் சொல்லித் தெரியாதது. 27.5 தான் இரண்டுக்கும்.
ஏ பிரேமை நேரில் பார்க்கப் போகலாம். எதைப் பார்ப்பது?

பட்டறை_14
பாவிச்ச காபன் பிரேம் எண்டால் வெயிலில கொண்டுவந்து, ஈரத்துணியால துடைச்சு, காயுற நேரம் பாருங்கோ. வெடிப்பில தண்ணி கடைசியாக் காயும், கோடு தெரியும். பிறகு இடம் இடமா:

பெடல் பெட்டிக்குக் கீழ கல்லடி. ஷொக் பிடிக்கிற இடத்துச் சுவர். பின்கால் உள்பக்கம், டயர் சேறு தேய்ச்ச இடம். செம்மண்ணில ஓடின பிரேமில டயர் அந்த இடத்தை அரக்கடதாசி மாதிரிச் சீவியிருக்கும், பூச்சுப் போய் நார் தெரிஞ்சால் விடுங்கோ. தலைக்குழாயில இரட்டைக் கிரவுண் போர்க் முட்டுற இடம், பம்பர் இல்லாமல் ஓடியிருந்தால் அங்க நொறுங்கியிருக்கும். நாணயத்தால தட்டினால் நல்ல இடத்தில கூர்மையான சத்தம், அடுக்குப் பிரிஞ்ச இடத்தில மந்தமான சத்தம். ஆனா சுவர் தடிப்பு மாறுற இடத்திலயும் சத்தம் மாறும், அதால இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தட்டோணும்.

எல்லாத்துக்கும் மேல பெயாரிங் இருக்கை. பழைய பெயாரிங் கையால தள்ளவே விழுந்தால் பிரேம் முடிஞ்சுது. பசை போட்டு ஒட்டலாம் எண்டு விக்கிறவர் சொல்லுவார். 200 மி.மீ அசையிற சைக்கிளில அது நிக்காது.

பெயாரிங் இலக்கத்தையும் எழுதி வாங்கோ. 6902 எண்டால் 15x28x7, 6802 எண்டால் 15x24x5, 6903 எண்டால் 17x30x7. பஞ்சிகாவத்தையில இந்த அளவெல்லாம் தேடினால் கிடைக்கும், ஆனா கூட்டுக்குள்ள குண்டு வைச்ச சாதாரண வகை. சைக்கிள் மூட்டு முழுச் சுத்துச் சுத்துறதில்லை, சில பாகைதான் ஆடும், பாரம் முழுக்க நாலைஞ்சு குண்டில விழும். அதுக்குக் கூடு இல்லாமல் குண்டு நிரப்பின வகைதான் சரி. அவசரத்துக்குச் சாதாரணம் போடலாம், ஒரு மழைக்காலம் தாங்கும். இரண்டு பக்கமும் றப்பர் மூடி உள்ளதாப் பாத்து எடுங்கோ, தகரமூடி இந்த ஈரத்துக்கு உதவாது.

ட்ரனியன் பற்றி ஒரு வார்த்தை. அதில மேல்பக்கம் ஷொக் உடலிலயே போல்ட் ஏறும், புஷ் இல்லை. பிரேம் அரை மி.மீ கோணலா இருந்தாலும் அந்தப் பாரம் ஷொக் தண்டில விழுந்து ஒருபக்கம் தேயும், பிறகு சீல் கசியும். பாக்கிறது லேசு: ஷொக்கைக் கழட்டி, காத்தை இறக்கி, திரும்பப் போடேக்க எல்லாப் போல்ட்டும் விரலால ஏறுதா எண்டு பாருங்கோ. ஒண்டுக்காவது நெம்ப வேண்டி வந்தால் பிரேமோ இணைப்போ கோணல். தண்டில ஒருபக்கம் மட்டும் பூச்சு மங்கியிருந்தால் அதுவும் அதே கதை.

காபன்_கரை
பட்டறை அண்ணா சொன்ன பெயாரிங் இருக்கைக்கு நானும் கை தூக்குகிறேன். காபன் பிரேமில் அலுமினிய இருக்கை ஒட்டியிருந்தால் ஒட்டிய விளிம்பையும் பாருங்கள், உப்புக்காற்றில் அந்த விளிம்பில் வெண்பொடி பூக்கும்.

இருந்தாலும் பொதுவாகச் சொல்கிறேன், காபனின் பயன் எடை மட்டுமில்லை. எங்கே விறைப்பு, எங்கே வளைவு என்று அடுக்கை மாற்றிச் செய்யலாம். சாண்டா குரூஸ் கம்பனியின் வி10 டவுன்ஹில் சைக்கிள் காபனில் 2010 முதல் வருகிறது, அதில் எத்தனை உலகக் கிண்ண வெற்றி.

ஸ்பிரிங்_கணக்கு
வி10 பற்றி மறுப்பில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஸ்பெஷலைஸ்ட் டெமோ காபனில் இருந்து 2020 மாடலில் அலுமினியத்துக்குத் திரும்பியது. ட்ரெக் செஷனும் காபனாக இருந்து 2021இல் வெளிவந்த மாடலில் அலுமினியமானது. கொமென்சல் சுப்ரீம் அலுமினியத்திலேயே வெல்கிறது. நேரத்தோடு போட்டியிடும் அணிகளுக்கு ஒரு கிலோ முக்கியம் என்றால் இந்தத் திரும்பல் நடந்திருக்காது. சமீப ஆண்டுகளில் சில அணிகள் பெடல் பெட்டிக்குக் கீழே எடைத் துண்டு பொருத்தியே ஓடிப் பார்த்திருக்கின்றன.

காரணம் பௌதிகம். இறக்கத்தில் சில்லு கல்லைத் தொடர்ந்து நிலத்தோடு இருக்க, தொங்கும் பாரத்தோடு ஒப்பிட்டால் சில்லுப் பாரம் குறைவாக இருக்க வேண்டும். பிரேமில் 800 கிராம் குறைத்தால் குறைவது தொங்கும் பாரம். சில்லில், டயரில், கசெட்டில் 300 கிராம் குறைத்தால் பின்சில்லு உண்மையாகவே வேகமாக அசையும். தள்ளி ஏறும் தோளுக்கு இரண்டும் ஒன்று, ஷொக்குக்கு ஒன்றில்லை. 2015 லியோகாங் உலகக் கிண்ணத்தில் ஆரோன் குவின் தொடக்கத்திலேயே சங்கிலி அறுந்தும் வென்றார். இறக்கத்தில் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

காபன்_கரை
அந்தச் சில்லுப் பாரம் பற்றிய பேச்சை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் போட்டி ஓட்டுநர் இல்லை, தள்ளி ஏறுகிறவர். மொத்த எடையைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

ஸ்பிரிங்_கணக்கு
சரி. பி பிரேம் 3.9. கொயில் ஷொக் லேசு ஸ்பிரிங்கோடு 1.0. போர்க் 2.8. சில்லுகள் 2.1. டவுன்ஹில் உறை டயர் இரண்டும் 2.5, திரவம் 0.2. கிராங்க், அச்சு 0.85, பெடல் 0.4. பிரேக், டிஸ்க்குகள் 1.1. கசெட், சங்கிலி, பின் மாற்றி, கைமாற்றி 0.9. கைப்பிடி, ஸ்டெம், பிடி 0.55. இருக்கை, தண்டு 0.5. ஹெட்செட், சங்கிலிக் காவல் 0.3. கூட்டினால் 17.1.

ஏ பிரேம் எயாரோடு அதே பாகங்களில் 16.05. ஆகவே 15.5 என்ற இலக்கை இரண்டுமே தொடாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பியில் குறைக்கக்கூடிய இடங்கள்: 58 கிலோ ஓட்டுநருக்கு முன் டயர் முழு டவுன்ஹில் உறை வேண்டியதில்லை, ஒரு படி மெல்லிய இரட்டை உறை போதும், 150 முதல் 200 கிராம். பின் டயரில் டவுன்ஹில் உறையை விடாதீர்கள். ஹந்தானைக் கல்லில் விளிம்பு அடிபடும், மெல்லிய உறைக்குள் நுரை வளையம் போட்டால் அதுவே 250 கிராம். 11-50 போன்ற பெரிய கசெட் இருந்தால் ஏழு பற்சக்கரம் உள்ள 10-24க்கு மாறினால் 250 கிராமுக்குக் கிட்ட. தள்ளித்தான் ஏறப் போகிறீர்கள், பெரிய பல் எதற்கு. பின் மாற்றியும் குட்டைக் கூடாகும், கல்லில் அடிபடாது. இவ்வளவோடு 16.6. கிராங்கும் சில்லும் பழையதானால் பிறகு பார்க்கலாம்.

பிரேக் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். 63 கிலோவுக்கு முன் 200, பின் 200 போதும், 220 தேவையில்லை. ஆனால் 180க்கு இறங்கினால் நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதிக்கும்.

ஹப்புத்தளை_மூடுபனி
16.6 என்பது இந்தப் பாதைகளுக்கு நல்ல எண். உயர் மூட்டு, இடைப்பல் (சங்கிலியை மேலே தூக்கிவிடும் கூடுதல் பற்சக்கரம்) வைத்த பிரேம்களையும் யாராவது சொல்வார்கள். கல்லில் அருமையாக ஓடும், ஆனால் கூடுதல் பல், கூடுதல் பெயாரிங், நீளமான சங்கிலி. தென்மேற்குப் பருவ மழைச் சேற்றில் அந்த இடைப்பல் முதலில் தேயும். பாரம் குறைக்க வந்தவருக்கு அது வேண்டாம்.

தெஹிவளை_சரிவு
ஏ பிரேமைப் பார்த்தேன். பின் இணைப்பின் பெயாரிங் ஒன்று விரலாலேயே வெளியே வந்தது. விட்டுவிட்டேன். பி எடுக்கிறேன். 250x75 கொயில் ஷொக், 325 லேசு ஸ்பிரிங், ரிபவுண்ட் மெல்லிய டியூன். ஒரு கேள்வி: ஒருவரிடம் 241x76 பழைய கொயில் ஷொக் மலிவாக இருக்கிறது. ஓரப் புஷ் (துளை நடுவில் இல்லாத புஷ்) போட்டுச் சமாளிக்கலாமா?

ஸ்பிரிங்_கணக்கு
வேண்டாம். 241 பழைய அங்குல அளவு, 9.5x3.0. உங்களுக்கு வேண்டியது 250. 9 மி.மீ குறைவு. ஓரப் புஷ் சில மி.மீதான் தரும். 9 மி.மீ குட்டையான ஷொக் போட்டால் பின்பக்கம் 25 மி.மீக்கு மேல் இறங்கும், பெடல் கல்லில் அடிபடும், முழு அசைவில் டயர் இருக்கைக் குழாயில் முட்டும். நீளம் அதேயாய் அசைவு மட்டும் குறைந்தால், 250x70 மாதிரி, ஓடலாம், 187 மி.மீ அசைவு கிடைக்கும். எதிர்ப்பக்கம், அசைவு கூடிய ஷொக் மட்டும் கூடாது.

எந்த ஷொக் வந்தாலும் ஸ்பிரிங் இல்லாமல் முதலில் பொருத்தி, டயர் காற்றோடு சில்லை முழுக்க மேலே தூக்கிப் பாருங்கள். டயருக்கும் இருக்கைக் குழாய்க்கும் இடையில் 6 மி.மீயாவது வேண்டும், சேறு ஒட்டும் இடம் அது. பின் மாற்றிக் கம்பியும் பிரேக் குழாயும் இழுபடுகிறதா என்று அதே நேரம் பாருங்கள்.

பட்டறை_14
பொருத்தேக்க: இரண்டு ஐலெட்டின்ர (ஷொக் முனையில போல்ட் போற வளையம்) புஷ் அகலத்தையும் போல்ட் விட்டத்தையும் பிரேம் கையேட்டில பாத்து எடுங்கோ, இரண்டு பக்கமும் ஒரே அகலம் எண்டு நினைக்காதேங்கோ. 8 மி.மீ போல்ட்தான் வழக்கம், அகலம் பிரேமுக்குப் பிரேம் மாறும். வெளிநாட்டில இருந்து வராமல் தவிச்சால் அலுமினியத்தில லேத் பாஸ் ஒருத்தர் கடைஞ்சு தருவார், ஆனா 0.1 மி.மீ கூட அகலம் கூடக் கூடாது, இறுக்கினால் பிரேம் காது விரிஞ்சு வெடிக்கும்.

ஆணி மரையைத் துடைச்சு, பிரேம்காரர் சொன்ன இடத்தில மட்டும் நீல மரைப்பசை, சொன்ன முறுக்குக்கு டோர்க் சாவியால. முதல் ஓட்டம் முடிஞ்ச உடன திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் பாருங்கோ. பிறகு மாசத்துக்கு ஒருக்கா இருக்கையைப் பிடிச்சு மெதுவாத் தூக்கி இறக்குங்கோ, சில்லு எழும்பமுன்னம் "டக்" எண்டு ஒரு இடைவெளி தெரிஞ்சால் புஷ் தேஞ்சுட்டுது. புஷ் இருபது கிராம் சாமான், அதைத் தேய விட்டால் ஐலெட் முட்டை வடிவமாகும், ஷொக் முழுக்கப் போகும்.

சைக்கிள்_தங்கச்சி
ஷொக் வந்ததும் இப்படித் தொடங்குங்கள். கொம்ப்ரஷன் (ஷொக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) இரண்டையும் முழுக்கத் திறவுங்கள். ரிபவுண்ட் நடுவில். சாக் பார்க்க, சுவரைத் தொட்டுக்கொண்டு பெடலில் நின்று, இன்னொருவர் ஷொக் தண்டில் ரப்பர் வளையத்தைத் தள்ளி அளக்க வேண்டும். இருந்து பார்த்தால் எண் பிழைக்கும். 21 இலிருந்து 24 மி.மீக்குள் நின்றால் ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். பிறகு ஒரே 200 மீற்றர் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடி, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் இரண்டு கிளிக் மாற்றுங்கள். பின்பக்கம் கல்லில் குந்திக்கொண்டே போனால் ரிபவுண்டைத் திறக்கவும். குதித்து இறங்கியதும் இருக்கை பின்னால் தட்டினால் மூடவும். திருப்பத்தில் பின்பக்கம் அமிழ்ந்தால் மெதுவேகக் கொம்ப்ரஷன் இரண்டு கிளிக். முழு அசைவும் ஒரு ஓட்டத்தில் ஒன்றிரண்டு தரம் முட்டுவது சரியான அடையாளம்.

தெஹிவளை_சரிவு
எழுதி வைத்துக்கொண்டேன். ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே பொதியில் கேட்கவா, தனித்தனியாகவா?

பட்டறை_14
ஸ்பிரிங்கை ஷொக்கில போட்டபடி அனுப்பச் சொல்லாதேங்கோ, வழியில உடல் உரசும். ஒரே பெட்டியில தனித்தனியாச் சுத்தி வரட்டும். பிரேம் வேற பொதி எண்டால் பற்றுச்சீட்டில பிரேம், ஷொக், ஸ்பிரிங் எண்டு தனித்தனி விலையோட எழுதச் சொல்லுங்கோ. சுங்கத்தில பிரேம் 8714.91இன் கீழ் வரும், முழுச் சைக்கிள் 8712. "சைக்கிள்" எண்டு மட்டும் எழுதியிருந்தால் பெட்டி அங்கேயே நிக்கும்.